சீதா அச்சகத்தின் தவழும் மவுஸ்

"என் பேரு எங்கய்யா போச்சி? நானூறு கார்டுலயும் தேடிட்டேன், இல்ல. அப்பன் இல்லாத புள்ளைக்கா நான் கல்யாணம் பண்ணி வைக்கிறேன்?"

"மொதலாளி, மொதல்ல உக்காருங்க. பேரு இருக்கு. அடியில இருக்கு."

"எதுக்கு அடியில?"

"பிள்ளையாருக்கு அடியில."

கையிலிருந்த ரவிக்கையை நான் அந்த இடத்தில் மடியில் போட்டுவிட்டேன். தெஹியோவிட்ட பஜாரில் என் தையல் கடைக்கும் நடராஜா அண்ணனின் சீதா அச்சகத்துக்கும் நடுவில் இருப்பது ஒரு பலகைச் சுவர். அதில் கணு விழுந்த ஓட்டை ஒன்று உண்டு. ஓட்டையை நான் போடவில்லை. கொஞ்சம் பெரிதாக்கியது மட்டும்தான் நான். ஆனால் சில சண்டைகளை ஓட்டை வழியாகப் பார்த்தால் கட்டுப்படியாகாது. அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, கத்தரிக்கோல் இரவல் கேட்கிறவள் மாதிரி எழுந்து போனேன். என் கையில் ஏற்கெனவே ஒரு கத்தரிக்கோல் இருந்ததை அங்கே போன பிறகுதான் கவனித்தேன்.

2008 ஆவணி மாதத்து சனிக்கிழமை அது. கத்திக்கொண்டிருந்தவர் புளத்கொகுபிட்டியவில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஆறுமுகம் முதலாளி. சமாதானம் சொன்னவர் நடராஜா அண்ணன். மூத்த மகனுக்குக் கலியாணம், பெண்ணுக்கு ஊர் வரக்காப்பொல. கார்டில் "திரு. ஆறுமுகம், திருமதி இலட்சுமி தம்பதிகளின் சிரேஷ்ட புத்திரன்" என்று இருக்க வேண்டும். தாளின் உச்சியில் இருக்க வேண்டிய பிள்ளையார் கீழே இறங்கிவந்து, "திரு. ஆறுமுகம்" என்ற இடத்தின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கம் திருமதி இலட்சுமி மட்டும் தனியாக நின்றுகொண்டிருந்தார்.

"நேத்து சம்பந்தி போன் பண்றாரு" என்றார் ஆறுமுகம். "நான்தான் எடுத்தேன். என் கொரல கேட்டதும் ஒரு நிமிசம் பேச்சே வரல அவருக்கு. அப்பறமா மெதுவா, நீங்க நல்லா இருக்கீங்களான்னு கேக்குறாரு. மொக்கத மே வெடே, என்னா வேலை இது, நடராஜா?"

நடராஜா அண்ணனின் மனைவி சீதாக்கா பால் ஊற்றாத பிளேன்டியோடு வந்து நின்றார். "கோவப்படாதீங்க. பிள்ளையாரு அண்ணன், ஆறுமுகம் தம்பி. அண்ணன் தம்பி மேல சாஞ்சிக்கிட்டாரு, அவ்வளவுதானே."

"சாயட்டும். கோயில்ல சாயட்டும். என் மகன் கார்டுல என்னா சாய்ச்சல்?" அவர் பார்வை மூலையில் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அனோஜாவிடம் போனது. "வேதக்காரப் புள்ளகிட்ட பிள்ளையார தூக்கி குடுத்தீங்க பாருங்க, அது உங்க தப்பு."

அனோஜா எழுந்து நின்றது. "நான் மேலதாங்க வச்சேன். மவுஸ் பின்னாலயே வருதுங்க. நான் பட்டன விட்டது அதுக்கு தெரியல. அடுத்த வேலைக்கு கைய கீழ எறக்கினேன், பிள்ளையாரும் கூடவே எறங்கிட்டாரு."

"கேட்டுக்கங்க. மவுஸ் மேல பழி" என்றார் ஆறுமுகம்.

"யாரு புரூப் பாத்தது?" என்று சீதாக்கா கேட்டார்.

எல்லோரும் கூரையைப் பார்த்தோம். நான் மற்றவர்களை விடக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தேன். நடராஜா அண்ணனின் கார்டுகளை எழுத்துப்பிழை பார்க்கிறவள் நான்தான். ஓ.எல். பரீட்சையில் தமிழுக்கு டிஸ்டிங்ஷன் எடுத்தவள் என்று இருபத்தைந்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பதால் எனக்கு அந்த கௌரவம். அந்தக் கார்டு கைக்கு வந்தபோது நான் நேரே பெண் வீட்டுப் பக்கத்துக்குத்தான் போனேன். பெண்ணின் தாய் எந்தத் தோட்டம், சித்தப்பன் பெயர் ஏன் இல்லை, பெரியப்பன் பெயருக்கு முன்னால் ஏன் அமரர் என்று போட்டிருக்கிறது என்றெல்லாம் ஆராய்ந்து முடித்து, "சரி அண்ணே, பிழை இல்ல" என்று கொடுத்துவிட்டேன். மாப்பிள்ளையின் அப்பாவை நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

வியாழக்கிழமைக்குள் புதுக் கார்டு தருவதாகச் சொல்லி, ஆறுமுகத்தை பஸ் ஏற்றிவிட்டு வந்தார் நடராஜா அண்ணன். வந்தவர் அனோஜாவிடம் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை.

"மூணு மாசம் பாத்துட்டுத்தான் நிரந்தரம்னு சொன்னேன் இல்லியா. வர்ற சனிக்கெழமையோட மூணு மாசம். வரக்காப்பொலயில ஒருத்தர பேசி வச்சிருக்கேன். அதுக்குள்ள கை பழகினா பாப்போம். ஆறுமுகம் கார்ட மட்டும் நீ தொடாத."

அந்தப் பிள்ளைக்கு அது என்ன செய்தி என்று எனக்குத் தெரியும். அப்பா பவுல், ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். ஏ.எல். படித்து, அவிசாவளைக்கு பஸ் ஏறி ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்த மகள். இந்த வேலை போனால் தோட்டத்தில் கூலி வேலைக்குப் பெயர் பதிவதென்று வீட்டில் முடிவு. கங்காணியிடம் வாக்குக் கொடுத்தாயிற்று. பவுலும் நானும் ஒரே மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். "எங்க பங்கு புள்ள, கை சும்மா பறக்கும் அண்ணே" என்று சொல்லி அதை நடராஜா அண்ணனிடம் சேர்த்துவிட்டதும் நான்தான். இப்போது பறக்கவில்லை என்பதும் என் மரியாதையைத்தான் கடித்தது.

மவுஸ் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். அந்த வருடம் சித்திரை இடியில் அச்சகத்தின் பழைய கம்ப்யூட்டர் புகைந்து போனது. உள்ளே இருந்த சாமான்கள் மட்டும் தப்பின. பதினொரு வருடத்துக் கலியாணம், மஞ்சள் நீராட்டு, கருமாதிக் கார்டுகள் எல்லாம் அதில் இருந்தன. புதுக் கம்ப்யூட்டர் வந்தது. அதில் அவற்றைத் திறந்தால் தமிழ் எழுத்துக்குப் பதிலாகக் கட்டம் கட்டமாக வந்தது. பழைய எழுத்தும் பழைய புரோகிராமும் பழைய விண்டோஸில்தான் வேலை செய்யுமாம். அவிசாவளையிலிருந்து வந்த தாஸிம் தம்பி யோசித்துவிட்டு, "புதுக் கம்ப்யூட்டருக்குள்ள ஒரு பழைய கம்ப்யூட்டர உக்கார வைக்கலாம். வெர்ச்சுவல் மெஷின்" என்றது. பெட்டி ஒன்றுதான். ஆனால் திரையில் ஒரு சன்னலைத் திறந்தால், அதற்குள் பழைய கம்ப்யூட்டர் தன்பாட்டில் உயிரோடு இருக்கும். அதற்குத் தான் இன்னொன்றின் வயிற்றில் இருப்பது தெரியாது.

நடராஜா அண்ணன் கம்ப்யூட்டருக்குள் சின்ன வீடு வைத்திருக்கிறார் என்று பஜாரில் முதலில் சொன்னது நான்தான். சீதாக்கா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

குறை என்னவென்றால், அந்தச் சன்னலுக்குள் மவுஸ் தவழ்ந்தது. கையை நகர்த்தினால் அம்பு கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் கிளம்பும். இரத்தம் குடித்து இறங்கிய அட்டை மாதிரி ஊர்ந்துவந்து, திடீரென்று நாலு அங்குலம் தாவும். உள்ளே ஒரு தடவை அமுக்கிவிட்டால் அம்பு அங்கேயே மாட்டிக்கொள்ளும். இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அமுக்கினால்தான் வெளியே விடும். அனோஜா அந்த இரண்டு பொத்தான்களின் பெயரையும் துண்டுத் தாளில் எழுதி மொனிட்டரில் ஒட்டி வைத்திருந்தது.

வைத்தியம் சொல்லாத ஆள் பஜாரில் இல்லை. நடராஜா அண்ணன் புது மவுஸ் வாங்கினார். தவழ்ந்தது. சீதாக்கா யாரோ கண் வைத்த கண்ணூறு என்று மொனிட்டருக்கு மேல் தேசிக்காய் மிளகாய் கட்டினார். தவழ்ந்தது, இடைக்கிடை மிளகாய் திரையை மறைத்தது. தோட்டத்து ரப்பர் பால் ஏற்றும் பவுசர் லொறியை ஓட்டுகிற ஸ்ரான்லி, கரண்ட் குறைவு என்றான். அவனுக்கு எதற்கும் கரண்ட் குறைவுதான், அவன் பவுசர் நின்றால்கூட.

நான் சொன்ன வைத்தியம் வேறு. "மவுஸ்ல ஒண்ணும் இல்ல சீதாக்கா" என்றேன். "கை மவுஸ்ல இருக்கு, மனசு பஸ் நிக்கிற ஹோல்ட்ல இருக்கு. வயசுப் புள்ளைக்கு கை தாமசிக்கிறது எதனால? ஸ்ரான்லி ஏன் தினமும் நாலரைக்கு பவுசர அங்கன நிப்பாட்டுறான்?" ஸ்ரான்லி நாலரைக்கு அங்கே நிறுத்துவது வடை சாப்பிட என்பது பஜாருக்கே தெரியும். இருந்தாலும் நான் சொன்னால் அதில் ஒரு ருசி இருந்தது. இரண்டே நாளில் கதை வரக்காப்பொல பஸ்ஸில் ஏறிவிட்டது. நடராஜா அண்ணனும் கேட்டார். கேட்டுவிட்டு, அந்தப் பிள்ளையின் கை தாமதிப்பதற்குக் காரணம் கிடைத்த நிம்மதியில் தலையாட்டினார்.

சண்டை நடந்த சனிக்கிழமைக்குப் பிறகு அனோஜா வேறு மாதிரியாக வேலை செய்தது. அழுதுகொண்டு உட்காரும் என்று நான் எதிர்பார்த்து, ஆறுதல் சொல்ல இரண்டு வசனம்கூடத் தயார் செய்து வைத்திருந்தேன். தேவைப்படவில்லை. திங்கட்கிழமை காலை ஒரு கொப்பியை எடுத்துக் கோடு போட்டது.

"என்னா புள்ள எழுதுற?"

"வெளிய எப்படி ஓடுது, உள்ள எப்படி ஓடுதுன்னு எழுதுறேங்க்கா."

"ஓடுறதில என்னா வெளி, உள்ள?"

"இங்க பாருங்க." சன்னலுக்கு வெளியே அம்பை ஓட்டிக் காட்டியது. வழுக்கிக்கொண்டு போனது. உள்ளே அமுக்கியது. அட்டை மாதிரி ஊர்ந்தது. "மவுஸ் பிழையின்னா ரெண்டு எடத்திலயும் தவழணும். கரண்டு கொறஞ்சா ரெண்டு எடத்திலயும் கொறையும். கண்ணூறும் அப்படித்தானே."

"மனசு?"

"மனசும் அப்படித்தாங்க்கா" என்று என் முகத்தைப் பார்க்காமல் சொன்னது. "நான் வெளிய ஒரு மனசு, உள்ள ஒரு மனசா வச்சிருக்கேன்?"

எனக்குக் கொஞ்சம் சுட்டது. அதனால், "குடு இங்க, நான் பாக்குறேன்" என்று நாற்காலியில் உட்கார்ந்தேன். இருபத்தைந்து வருடம் தையல் மெஷின் ஓட்டிய கை, நூல் பிசகாது என்று பெருமை வேறு. அம்பைப் பிடித்தேன். இழுத்தேன். அது வரவில்லை. இன்னும் இழுத்தேன். மவுஸ் மேசையின் விளிம்பைத் தாண்டி என் மடியில் விழுந்த பிறகு, அம்பு மெதுவாகக் கிளம்பியது.

வாசலில் நின்ற சீதாக்கா கேட்டார், "என்னா ரோசலின், ஒனக்கும் ஸ்ரான்லியா?"

நாற்பத்து மூன்று வயதில் கேட்கக்கூடாத கேள்வி. எழுந்து என் கடைக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் பகல், சாப்பாட்டு நேரத்தில் அனோஜா வெளியே போயிருந்தது. நான் சும்மாதான் ஓட்டைப் பக்கம் சாய்ந்தேன். நடராஜா அண்ணன் தனியாகக் கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்தார். ஆறுமுகத்தின் கார்டு திரையில். பிள்ளையாரைப் பிடித்து மேலே இழுத்தார். பிள்ளையார் அசையவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு இழுத்தார். பிள்ளையார் ஒரே தாவலில் தாளுக்கு வெளியே போய்விட்டார். அண்ணன் வாசலைப் பார்த்தார். யாரும் இல்லை. மேலே பார்த்து கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு எல்லாவற்றையும் மூடிவிட்டுப் பத்திரிகை படிக்கிறவர் மாதிரி உட்கார்ந்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அனோஜா வருவதற்கு முன்னால், வைகாசி மாதம் முழுக்க, இந்த மெஷினில் வேலை பார்த்தவர் இவர்தான். அவருக்கும் தவழ்ந்திருக்கிறது. தன் வயது, தன் கை என்று நினைத்துக்கொண்டு வாயைத் திறக்கவில்லை. வயதுப் பிள்ளை வந்தால் சரியாகிவிடும் என்றுதான் ஆளே எடுத்திருக்கிறார்.

அன்று பின்னேரம் அனோஜா தாஸிம் தம்பிக்குப் போன் போட்டது. யுத்த காலம், பாதையில் செக்கிங், அந்தக் கிழமை வரமுடியாது என்று தாஸிம் ஏற்கெனவே சொல்லியிருந்ததால், அனோஜா போனிலேயே கேட்டது. ஸ்பீக்கரில் போட்டதால் நான் பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தே நோகாமல் கேட்டேன். கொப்பியைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொன்னது. வைரஸ் தேடுகிறதை நிறுத்திப் பார்த்தேன், கொஞ்சம் தேவலை. உள்ளே இருப்பதற்கு மெமரி கூட்டிக் கொடுத்தேன், வித்தியாசம் இல்லை. பெரிய படங்களை மூடிப் பார்த்தேன், இல்லை.

"சரியாத்தான் பாத்தீக்கிறீங்க" என்றது தாஸிம். "டூல்ஸ் போட்டாச்சா?"

"என்னா டூல்ஸ்?"

"உள்ளுக்கு போடோணும். நான் வந்தண்டைக்கி பஸ்ஸுக்கு நேரமாயிட்டு, போட ஏலாம போன. அது போடாட்டி உள்ள ஈக்கிற விண்டோஸுக்கு உங்கட மவுஸ நேரா விளங்காது. வெளிய ஒத்தன் பாத்துப் பாத்து சொல்லோணும்."

அனோஜா சிரித்துவிட்டது. "எங்கப்பா தோட்டத்து ஆபீசுல பேசுற மாதிரி. அப்பா தமிழ்ல சொல்ல, கங்காணி சிங்களத்துல சொல்ல, கிளாக்கர் இங்கிலிஷ்ல சொல்ல, தொரை தலையாட்டுறதுக்குள்ள அப்பா அடுத்த விசயத்துக்கு போயிருவாரு."

"அதேதான். ஆனா ஒவ்வொரு நாளும் தொறக்கக்குள்ள கீழ ஒரு பொட்டி வந்து சொல்லுமே, டூல்ஸ் போடல்ல, போடுங்கண்டு. நீங்க காணல்லியா?"

"மூணு மாசத்துல ஒரு நாளும் வரலீங்க."

"அப்ப யாரோ, இனி காட்ட வாணாமண்டு டிக் பண்ணி மூடீக்கிறாங்க."

இந்த இடத்தில் என் தையல் மெஷின் நின்றுவிட்டது. நான்தான் நிறுத்தினேன் போலிருக்கிறது.

வைகாசியில் தாஸிம் பஸ்ஸுக்கு ஓடிய மறுநாள், நடராஜா அண்ணன் பாங்குக்குப் போயிருந்தார். அச்சகத்தைப் பார்த்துக்கொள்ளும்படி என்னிடம் சொல்லியிருந்தார். புது நாற்காலியில் ஒரு தடவை உட்கார்ந்து பார்க்க எனக்கும் ஆசை. திரையின் கீழே ஒரு சின்னப் பெட்டி வந்தது. இங்கிலிஷ். எனக்கு இங்கிலிஷ் எழுத்துக் கூட்டத் தெரியும். அர்த்தம் தானாக வந்தால் சந்தோஷம், வராவிட்டால் தேடிப்போக மாட்டேன். பெட்டிக்குள் இன்னொரு குட்டிக் கட்டம் காலியாக இருந்தது. காலியாக இருந்தால் நிரப்புவதுதானே முறை. சரி அடையாளம் போட்டேன். ஓகே அமுக்கினேன். போய்விட்டது. அண்ணன் திரும்பி வந்து, "ஏதும் வந்திச்சா ரோசலின்?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல அண்ணே, வாங்கினதுக்கு நன்றி சொல்லிச்சி" என்றேன்.

தாஸிமோடு போன் பேசிய அன்று நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லத்தான் நினைத்தேன். வாசல் வரைக்கும் போனேன். சீதாக்கா, "என்னா, கத்தரிக்கோலா?" என்று கேட்டார். ஆமாம் என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். டூல்ஸ் என்ன என்று தெரிந்துவிட்டதே, போட்டுவிட்டால் எல்லாம் சரி, நான் எதற்கு நடுவில் என்று என்னை நானே சமாதானம் செய்தேன்.

புதன்கிழமை காலை அந்தச் சமாதானம் கலைந்தது. அனோஜா நடராஜா அண்ணனிடம் அனுமதி கேட்டது. டூல்ஸ் போட்டால் மெஷினை இரண்டு தடவை நிறுத்தித் திறக்க வேண்டும்.

"ஆறுமுகம் கார்டு நாளைக்கு குடுக்கணும். இப்ப போய் மெஷின நோண்ட வேணாம்" என்றார் அவர். "ஏன் புள்ள, மெஷினுக்கு என்னா? அதுக்கு கொறையின்னா பொட்டி வந்து சொல்லியிருக்கும்னு அந்த தம்பியே சொல்லிச்சாமே. வரலியே. கை பழகலேன்னா பழகலேன்னு ஒத்துக்க. சனிக்கெழமைக்கு வரக்காப்பொல ஆள வரச் சொல்லிட்டேன்."

அனோஜா கொப்பியை மூடிவிட்டுத் தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டது. பலகைக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்துக்கொண்டிருக்க மனசு வரவில்லை. எழுந்து போனேன். இந்தத் தடவை வெறுங்கையோடு.

"அண்ணே, ஒரு பொம்பள கதை" என்று ஆரம்பித்தேன். "தெரியாத ஒருத்தி. ஒரு கடையில கம்ப்யூட்டர்ல பொட்டி வந்திச்சாம். வாசிக்க தெரியாம மூடிட்டாளாம்."

"யாரு?"

"தெரியாத ஒருத்தின்னு சொல்றேன்ல."

"எந்த கடை?"

"இந்த கடை."

சீதாக்கா பிளேன்டிக் கோப்பையைக் கீழே வைத்தார். நான் முழுவதையும் சொன்னேன். குட்டிக் கட்டத்தையும் நன்றியையும் சேர்த்து. சொல்லும்போது வழக்கமாக வருகிற ருசி வரவில்லை.

நடராஜா அண்ணன் முகம் சிவந்தது. "மூணு மாசம். ஒன் புத்தியால அந்த புள்ள மூணு மாசம் பேச்சு வாங்கியிருக்கு. நீயெல்லாம் டிஸ்டிங்ஷன்."

"என்னைய திட்டுங்க. ஆனா அண்ணே, ஒங்களுக்கும் தவழ்ந்திச்சில்ல?"

"எனக்கா? எனக்கு ஒண்ணும் இல்ல."

"நேத்து பகல்ல பிள்ளையார தாளுக்கு வெளிய தள்ளிட்டு கன்னத்துல போட்டுக்கிட்டீங்களே."

அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு பலகைச் சுவரைப் பார்த்தார். பிறகு மறுபடியும் என்னைப் பார்த்தார்.

"எங்கருந்து பாத்த?"

சீதாக்கா எழுந்து போய், காலண்டர் ஓரத்தில் இருந்த ஓட்டைக்குள் ஒரு விரலை விட்டுப் பார்த்தார். இரண்டு விரல் போனது. "அம்மாடி" என்று மட்டும் சொன்னார்.

"வைகாசியிலயும் அப்படித்தான் இருந்திச்சி" என்று நடராஜா அண்ணன் கடைசியில் மொனிட்டரைப் பார்த்துச் சொன்னார். "எனக்கு கை நடுங்குதாக்கும்னு நெனச்சேன். எங்கப்பாவுக்கு அந்த வயசில நடுங்கிச்சி. யார்கிட்ட சொல்றது. சரி, போடு புள்ள. என்னா போடணுமோ போடு."

அனோஜா பையைக் கீழே வைத்தது. மேலே மெனுவில் ஒன்றை அமுக்கியது. சீடி போடாமலேயே உள்ளே சீடி வந்ததாகக் காட்டியது. கோடு ஒன்று நிரம்பியது. இரண்டு தடவை நிறுத்தித் திறந்தது. நாங்கள் மூன்று பேரும் பின்னால் நின்று பார்த்தோம். அம்பு சன்னலுக்குள் போனது, வழுக்கியது, மறுபக்கத்தால் வெளியே வந்தது. பொத்தான் எதுவும் அமுக்காமலே. அனோஜா பிள்ளையாரைப் பிடித்தது. மேலே வைத்தது. விட்டது. கையைக் கீழே இறக்கியது. அவர் அங்கேயே இருந்தார். திரு. ஆறுமுகம் வெளிச்சத்துக்கு வந்தார்.

பிரிண்டர் ஓடும்போது மட்டும் அதற்குப் பிறகும் அம்பு லேசாகத் திக்கும். அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

நடராஜா அண்ணன் அங்கேயே வரக்காப்பொலக்குப் போன் எடுத்து, ஆள் வர வேண்டாம் என்று சொன்னார். அனோஜாவிடம், "திங்கக்கெழமையிலருந்து நிரந்தரம்" என்றார். மன்னிப்பு மாதிரி எதுவும் சொல்லவில்லை. அவர் பரம்பரையிலேயே அது கிடையாது.

நான் நழுவப் பார்த்தேன். அனோஜா வாசலில் பிடித்துக்கொண்டது.

"அக்கா, ஸ்ரான்லி அண்ணன் கதையும் நீங்கதானே?"

"யாரு சொன்னா?"

"எல்லாரும் சொல்றாங்க. ஞாயித்துக்கெழமை பூசைக்கு போனா அப்பா முன்னால பேசுறாங்க. அப்பா ஒரு கெழமையா எங்கூட சரியா பேசல. தோட்டத்துல பேர் குடுக்க அவசரப்படுறதே அதுனாலதான்."

எனக்கு அது தெரியாது. தெரியாத ஒரு விசயம் இருந்தது என்பதே எனக்குப் புதிது.

"நான் போய் அப்பாகிட்ட சொல்றேன் புள்ள."

"அப்பாகிட்ட மட்டும் இல்ல. அந்த கதைய எப்படி சொன்னீங்களோ அப்படியே இதயும் சொல்லுங்க. பஸ் ஹோல்ட்ல, மீன் கடையில, பூச முடிஞ்சி. மவுஸ கெடுத்தது நான்தான், ஸ்ரான்லி கதைய கட்டினதும் நான்தான்னு. ஒங்களுக்குத்தான் சொல்ல வரும்."

இவ்வளவு நேரான தண்டனையை எந்தப் பாதிரியாரும் எனக்குக் கொடுத்ததில்லை. அன்று பின்னேரமே கிளம்பினேன். மீன் கடையில் சொன்னேன். பஸ் ஹோல்ட்டில் ஸ்ரான்லி வடை தின்றுகொண்டிருக்கும்போது அவனுக்கு எதிரிலேயே சொன்னேன். அவனுக்கு அப்படி ஒரு கதை இருந்ததே அப்போதுதான் தெரியும். வருத்தப்பட்டான், ஆனால் கதை இருந்ததற்காகவா, இல்லாமல் போனதற்காகவா என்று விளங்கவில்லை. பவுல் அண்ணனிடம் தோட்டத்து லயத்து வீட்டுக்கே போய்ச் சொன்னேன். அவர் கத்தியைத் தீட்டிக்கொண்டே கேட்டார். "சரி" என்றார். பிறகு உள்ளே பார்த்து, "அனோஜா, அக்காவுக்கு தேத்தண்ணி ஊத்து" என்றார். ஒரு கிழமைக்குப் பிறகு மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் என்று அதன் முகத்தில் தெரிந்தது.

நான் சொன்ன கதைகளில் முழுக்க உண்மையாக இருந்தது அது ஒன்றுதான். இரண்டு நாளில் அது என்னிடமே திரும்பி வந்தது. வரும்போது அந்தக் கதையில் நான் கம்ப்யூட்டரைக் கொளுத்தியிருந்தேன். அணைக்கப்போன நடராஜா அண்ணனுக்குக் கை சுட்டிருந்தது. ஆறுமுகம் முதலாளி கார்டு எடுக்க வந்தபோது என்னை விசேஷமாக எட்டிப்பார்த்து, "நீங்கதானா அது?" என்று கேட்டார். அனோஜாவிடம் போய், "நல்லா இருக்கு புள்ள" என்று கார்டைத் தடவினார். பிறகு தன் பெயரை ஒரு தடவை சத்தமாக வாசித்துப் பார்த்தார். நடராஜா அண்ணன் அந்தக் கிழமையே ஓட்டையில் தகரம் வைத்து அடித்துவிட்டார்.

ஆறுமுகத்தின் மகன் கலியாணம் வரக்காப்பொலயில் நடந்தது. எனக்கு அழைப்பு வரவில்லை, போன ஆட்கள் சாப்பாடு சுமார் என்றார்கள். ஸ்ரான்லி அடுத்த தை மாதம் பஜாரில் ஃபார்மசியில் நின்ற கேஷானியைக் கட்டிக்கொண்டு பவுசரை விட்டு கேகாலைக்குப் போனான். நான் அதை ஊகித்திருந்தேன் என்று இப்போது சொல்லலாம், ஊகிக்கவில்லை. நடராஜா அண்ணனின் மகள் தனுஜா கலியாணமாகி வத்தளைக்குப் போனதும், சீதாக்காவும் பாதி மாதம் அங்கேதான்.

அனோஜா ஏறத்தாழ ஒன்றரை வருடம் அச்சகத்தில் இருந்தது. 2009 கார்த்திகையில் அதற்கும் அவிசாவளையில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிற விதுர்ஷனுக்கும் பதிவுத் திருமணம். படிக்கப் போன காலத்திலிருந்தே பழக்கமாம், இரண்டு வருடமாம். பஜாரில் ஆட்டோக்காரனிலிருந்து மீன் கடை வரைக்கும் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும் பதிவு முடிந்து மூன்றாம் நாள் சீதாக்கா சொல்லித்தான் தெரியும். அவிசாவளையில் வாடகை வீடு எடுத்துப் போனார்கள். வருடம் முடிய பவுல் அண்ணனும் லயத்து அறையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவர்களோடு போய்ச் சேர்ந்துவிட்டார்.